பந்திக்கு வாளி வராத நேரம்

ரீவித் திரையின் நடுவில் வட்டம் சுற்றத் தொடங்கியதும் வீட்டில் யாராவது ஒருவர் "நெற் ஸ்லோ" என்பார். ரவுட்டரை நிறுத்திப் போடுவார்கள். அதற்கும் சரிவராவிட்டால் அடுத்த மாதம் இன்னும் பெரிய பொதிக்குக் காசு கட்டுவார்கள். ஊர்காவற்றுறை, நயினாதீவு, நெடுந்தீவுப் பக்கங்களில் இப்படிக் கட்டப்படும் மேலதிகக் காசில் பெரும்பகுதி வீண் என்பது என் உறுதியான கருத்து. பொதி பெரிதானதால் வீட்டுச் சுவர் மெல்லியதாகாது, கரண்ட் சீராகாது, உப்புப் பிடித்த பிளக் துப்புரவாகாது. படம் எங்கே தடைப்படுகிறது என்று கண்டுபிடித்துவிட்டால் பல கோளாறுகளைச் செலவில்லாமல் வீட்டிலேயே தீர்க்கலாம். தனியே இருக்கும் அம்மம்மாவுக்கும் அப்பப்பாவுக்கும் பின்னேரத்து நாடகம், கோயில் திருவிழா, வெளிநாட்டிலிருக்கும் பேரப்பிள்ளையின் பிறந்தநாள் வீடியோ எல்லாம் அந்த ஒரு திரையில்தான் வருகின்றன. அது நின்றுபோவது சின்ன விஷயமில்லை.

இணையத் தொலைக்காட்சி இயங்கும் விதத்தை விளங்கிக்கொள்ள ஓர் அன்னதானப் பந்தி போதும். மணிமேகலை அமுதசுரபியைப் பெற்ற மணிபல்லவம் தங்கள் தீவுதான் என்று நம்பும் நயினாதீவாருக்கும், நாகபூசணி அம்மனின் ஆனித் திருவிழாவுக்குப் போய்ச் சாப்பிட்டு வந்தவர்களுக்கும் பந்தியைப் பற்றி நான் சொல்லித் தரத் தேவையில்லை. அடுக்களையில் கிடாரம் கிடாரமாகச் சோறு. அங்கிருந்து வாளிகளில் அள்ளிக்கொண்டு பொடியள் வருகிறார்கள். பந்தியின் தலைப்பில் ஓர் அண்டா இருப்பதாக வைத்துக்கொள்வோம். வாளிச் சோறு முதலில் அதில் விழுகிறது. பரிமாறுபவர் அண்டாவிலிருந்து எடுத்து இலைகளுக்குப் போடுகிறார். இலைக்கு முன்னால் இருப்பவருக்கு அடுக்களையும் தெரியாது, வாளி வரும் வழியும் தெரியாது. அண்டாவில் சோறு இருக்கும்வரை அவருக்குக் குறையில்லை.

படமும் இப்படித்தான் வருகிறது. ஒரு மணி நேர நாடகத்தை யாரும் முழுதாக அனுப்புவதில்லை. 2 முதல் 10 விநாடி வரை ஓடக்கூடிய சிறு துண்டுகளாக வெட்டிச் சேவரில் வைத்திருக்கிறார்கள். ரீவியில் உள்ள செயலி ஒவ்வொரு துண்டாகக் கேட்டு வாங்குகிறது. வாங்கியதைத் தன் நினைவகத்தில் கொஞ்சம் சேர்த்துவைத்து, அதிலிருந்து எடுத்துத் திரையில் ஓட்டுகிறது. அந்தச் சேமிப்பைத்தான் பஃபர் என்கிறார்கள். அதுதான் நம்முடைய அண்டா. அப்பிள் நிறுவனம் 2009இல் கொண்டுவந்த எச்எல்எஸ், 2012இல் சர்வதேசத் தரமாக வெளிவந்த டாஷ் ஆகிய இரண்டு முறைகளும் இந்த வாளி முறைதான். இன்று நாம் பார்க்கும் இணையப் படங்களில் மிகப் பெரும்பாலானவை இவற்றில் ஒன்றின் வழியாகவே வருகின்றன.

ஆகவே வட்டம் சுற்றினால் அண்டா காலியாகிவிட்டது என்று அர்த்தம். நெற் அறவே நின்றிருக்க வேண்டுமென்றில்லை. வாளி வந்துசேரும் வேகத்தைவிட இலைக்குப் போகும் வேகம் கூடிவிட்டது, அவ்வளவுதான். இது விளங்கினால் இன்னொன்றும் விளங்கும். வேகத்தை அளந்து காட்டும் செயலியில் 20 மெகாபிட் வருகிறது, ஆனால் படம் நிற்கிறது என்று பலர் குழம்புவார்கள். அந்தச் செயலி சில விநாடிகள் மட்டுமே அளக்கிறது. பத்து விநாடிக்கு வாளி மேல் வாளியாக வந்துவிட்டு, அடுத்த முக்கால் நிமிடத்துக்கு ஒரு வாளியும் வராவிட்டால் பந்தி நிற்கத்தானே செய்யும்? விட்டுவிட்டு வரும் 20 மெகாபிட்டைவிட, சீராக வரும் 4 மெகாபிட் ரீவிக்கு நல்லது. தீவுகளில் வேகத்தைவிடச் சீர் குலைவதே பெரிய தொல்லை.

வாளியின் அளவும் ஒன்றல்ல. ஒவ்வொரு துண்டையும் பல தரங்களில் ஆக்கி வைத்திருக்கிறார்கள். சோறும் பருப்பும் மட்டும் உள்ள சின்ன வாளி 480. ஐந்து கறியோடு வரும் பெரிய வாளி 1080. முந்தின வாளி எவ்வளவு நேரத்தில் வந்தது என்று பார்த்து, அடுத்ததற்கு எந்த அளவைக் கேட்பது என்று செயலியே தீர்மானிக்கிறது. படம் இடையிடையே மங்கி மறுபடி தெளிவதன் காரணம் இதுதான். அது பழுதல்ல, பந்தி நிற்காமலிருக்கச் செயலி எடுக்கும் முயற்சி. நெற்பிளிக்ஸ் தன் பார்வையாளர்களுக்குச் சொல்லும் கணக்கில் 720 தரத்துக்கு விநாடிக்கு 3 மெகாபிட் வேண்டும், 1080க்கு 5, 4கேக்கு 15. விநாடிக்கு 3 மெகாபிட் என்றால் ஒரு மணி நேரத்துக்கு 1.35 ஜிபி. 5 என்றால் 2.25 ஜிபி. தினமும் மூன்று மணி நேரம் 1080இல் பார்க்கும் வீட்டில் மாதம் 200 ஜிபி போய்விடும். சாதாரண 32 அங்குல ரீவியை எட்டு அடி தள்ளியிருந்து பார்க்கிற வயதானவர்களுக்கு 480க்கும் 1080க்கும் உள்ள வித்தியாசம் கண்ணில் படுவது அரிது. ரீவியின் அமைப்பில் யாரோ பேரன் ஒருநாள் வந்து 1080 என்று நிலையாக வைத்துவிட்டுப் போயிருந்தால், முதல் வேலையாக அதை ஓட்டோவுக்கு மாற்றுங்கள். இணைப்பு மெலிந்த வீட்டில் 480இலேயே நிறுத்திவிடலாம்.

கோட்டாவையும் இங்கேயே பார்த்துவிட வேண்டும். கோட்டா முடிந்ததும் இணைப்பை அறுக்காமல் வேகத்தை மட்டும் மிகக் குறைத்துவிடும் பொதிகள் உண்டு. அப்போது வாட்ஸ்அப் எழுத்துச் செய்தி போகும், படம் மட்டும் நகராது. ஆட்கள் ரவுட்டரில் கோளாறு என்று நினைத்துவிடுவார்கள். யூரியூப்புக்கு மட்டும் செல்லுபடியாகும் பொதிகளும் உண்டு. அவற்றில் யூரியூப் ஓடும், வேறு செயலி சுற்றிக்கொண்டே இருக்கும். இரவு நேரத்துக்கென்று தனியாகத் தரும் டேட்டா பகலில் உதவாது. மிச்சக் கணக்கைப் பார்க்க ஒரு நிமிடம் போதும். மற்ற எதையும் கழற்றிப் பூட்டுவதற்கு முன் அதைப் பாருங்கள்.

இனி, வாளி எங்கே நிற்கிறது என்று தேடும் முறை. கைப்போனை வைஃபையில் இணைத்துக்கொண்டு ரவுட்டருக்குப் பக்கத்தில் போய் நின்று, ரீவியில் நின்றுபோன அதே படத்தைப் போடுங்கள். அங்கே நன்றாக ஓடினால் வெளியிலிருந்து ரவுட்டர் வரைக்கும் வழி சரி. கோளாறு ரவுட்டருக்கும் ரீவிக்கும் இடையில் இருக்கிறது, அல்லது ரீவியிலேயே இருக்கிறது. ரவுட்டருக்குப் பக்கத்திலும் நின்றுபோனால், போனின் வைஃபையை அணைத்துவிட்டு அதன் சொந்த டேட்டாவில் பாருங்கள். அது வேறு நிறுவனத்து சிம் என்றால் இன்னும் நல்லது. அதில் ஓடினால் உங்கள் வீட்டு இணைப்பில்தான் குறை. அதிலும் ஓடாமல், வேறு செயலி மட்டும் ஓடினால் குறை அடுக்களையில். அதற்கு நீங்கள் செய்யக்கூடியது ஒன்றுமில்லை, காத்திருக்கலாம். கம்பி இணைப்பில் பியோ ரீவி வைத்திருப்பவர்களுக்கு இன்னொரு சோதனையும் கைவசம் உண்டு. அதன் சனல்கள் பொது இணையத்தின் வழியாக வராமல், அதை வழங்கும் நிறுவனம் தன் வலையில் தனியாக ஒதுக்கிய பாதையில் வருகின்றன. அது ஓடிக்கொண்டிருக்க யூரியூப் மட்டும் நின்றால் உங்கள் கம்பியில் பிழையில்லை.

வீட்டுக்குள் இருக்கும் தடைகளில் முதன்மையானது சுவர். நெடுந்தீவில் பவளப்பாறைக் கல்லை அடுக்கி எழுப்பிய மதில்கள் பேர்போனவை. கல்லும் சுண்ணாம்புமாகத் தடித்துக் கிடக்கும் பழைய வீட்டுச் சுவர்கள் வெயிலுக்கு நல்லவை, வைஃபைக்கு அல்ல. வைஃபை இரண்டு அலைவரிசைகளில் வருகிறது. 5 கிகாஹேட்ஸ் வேகமானது, ஆனால் தடித்த சுவருக்கு அப்பால் மிகவும் மெலிந்துவிடும். 2.4 மெதுவானது, ஆனால் சுவரை ஓரளவு கடக்கும். கொழும்பில் அடுக்குமாடியில் இருப்பவருக்கு 5ஐப் பாவிக்கச் சொல்வார்கள். அங்கே பக்கத்து வீடுகளின் ரவுட்டர்கள் எல்லாம் 2.4இல் நெரிபடுகின்றன. அந்த ஆலோசனையைத் தீவுக்கு அப்படியே கொண்டுவரக் கூடாது. பெரிய வளவு, தள்ளித் தள்ளி வீடு, பாதி வீடுகள் பூட்டிக் கிடக்கின்றன. இங்கே 2.4இல் நெரிசல் இல்லை. ரவுட்டர் ஓர் அறையிலும் ரீவி இன்னோர் அறையிலும் இருந்தால் 2.4தான் சரி. 480, 720 தரங்களுக்கு அதன் வேகம் தாராளம்.

ஆனால் இங்கே ஒரு இழுபறி இருக்கிறது. தீவு வீடுகளில் உள்ள 4ஜி ரவுட்டர் ஒரு கையால் கோபுரத்திலிருந்து வாங்கி மறு கையால் வைஃபையாகக் கொடுக்க வேண்டும். வாங்குவதற்கு நல்ல இடம் கோபுரம் இருக்கும் திசையைப் பார்த்த யன்னல். கொடுப்பதற்கு நல்ல இடம் ரீவிக்குப் பக்கம். இரண்டும் ஒன்றாக அமைவது அபூர்வம். அநேகமானோர் ரீவிக்குப் பின்னாலேயே, சோக்கேசுக்குள்ளே கண்ணாடிச் சாமான்களோடு வைத்துவிடுகிறார்கள். அதைவிட மோசமான இடம் கிடையாது. ரவுட்டரை யன்னலோரம் வைத்து, அங்கிருந்து ரீவிக்கு ஒரு லான் கேபிளை இழுத்துவிடுங்கள். இந்தக் கட்டுரையில் ஒன்றையே செய்யக்கூடியவர் இதைச் செய்யட்டும். ரவுட்டரின் அமைப்புப் பக்கத்தில் கோபுரத்துச் சிக்னலின் பலத்தைக் காட்டும் ஆர்எஸ்ஆர்பி என்று ஓர் எண் இருக்கும், எப்போதும் கழித்தல் குறியோடு. -90ஐவிட 0க்குக் கிட்ட இருந்தால் நல்லது. -110ஐத் தாண்டிக் கீழே போனால் படத்தை எதிர்பார்க்க வேண்டாம். ரவுட்டரை ஓர் அடி நகர்த்தி, ஒரு கால் சுற்றுத் திருப்பி, ஒவ்வொரு தடவையும் அந்த எண்ணைப் பாருங்கள். ஓர் அடியில் பெரிய மாற்றம் வரலாம்.

அந்த ஓர் அடி அவ்வளவு முக்கியமாவதற்குக் கடல்தான் காரணம். தட்டையான நீர்ப்பரப்பு வானலைக்கு ஒரு கண்ணாடி. கடலுக்கு அப்பாலுள்ள கோபுரத்திலிருந்து நேராக வரும் அலையும், நீரில் பட்டுத் தெறித்து வரும் அலையும் அன்டனாவில் சந்திக்கின்றன. ஓரிடத்தில் இரண்டும் சேர்ந்து பலக்கும். கொஞ்சம் தள்ளி ஒன்றை ஒன்று அழித்துவிடும். காற்றின் வெப்பமும் ஈரமும் மாற மாற அந்த இடங்களும் நகரும். காலையில் நன்றாக ஓடிய படம் பின்னேரம் தடுமாறுவதற்கு இதுவும் ஒரு காரணம்.

இதைவிட விசித்திரமானது, கடலுக்கு மேல் சில நாட்களில் உருவாகும் காற்றடுக்கு. நீரையொட்டி ஈரமான காற்றும் அதற்கு மேலே வெப்பமான உலர்காற்றும் படியும்போது, அலைகள் மேலே தப்பிப் போகாமல் கடற்பரப்போடு வளைந்து மிகத் தூரம் போகின்றன. கூரைக்கு மேல் அன்டனாவை உயர்த்தித் தூரதர்ஷன் பார்த்தவர்களுக்கு இது புதிதல்ல. இராமேஸ்வரத்தில் 1995இல் எழுந்த அதன் 323 மீற்றர் கோபுரம் நெடுந்தீவிலிருந்து ஏறக்குறைய 50 கிலோமீற்றர்தான். அந்நாளில் சில இரவுகளில் படம் கண்ணாடி போல வரும், சில இரவுகளில் புள்ளி புள்ளியாக. அன்று தூர நிலையத்தைக் கொண்டுவந்து தந்த அதே காற்றடுக்கு இன்று 4ஜிக்கு இடைஞ்சல். எங்கோ தூரத்துக் கோபுரத்தின் அலை வந்து பக்கத்துக் கோபுரத்தின் அலையோடு மோதுகிறது. சில நேரம் உங்கள் ரவுட்டரே தூரத்துக் கோபுரத்தைப் பிடித்துக்கொள்கிறது. சிக்னல் கோடு நிறைய இருக்கும், டேட்டா வராது. ஒருமுறை நிறுத்திப் போட்டால் மறுபடி கிட்டிய கோபுரத்தைத் தேடிப் பிடிக்கும். நிறுத்திப் போடுவது உண்மையில் பலன் தரும் சந்தர்ப்பங்களில் இது ஒன்று.

மழையைப் பற்றி ஒரு தப்பபிப்பிராயம் உண்டு. டிஷ் ரீவி பெருமழையில் நிற்கும், அதன் அலைகள் நுணுக்கமானவை, மழைத்துளி விழுங்கிவிடும். 4ஜியை மழை அவ்வளவாகத் தொடாது. தொடுவது நனைந்த மரம். பனங்கூடலும் தென்னையும் நிற்கும் திசையில் கோபுரம் இருந்தால், மாரியில் ஓலை நனைந்திருக்கும் நேரமெல்லாம் சிக்னல் இறங்கும். 2025 ஜூலையில் இலங்கைக்கு வந்த ஸ்டார்லிங்கை வாங்க எண்ணுபவர்களும் பனையை நினைவில் வைத்திருக்க வேண்டும். அதன் செய்மதிகள் சில நூறு கிலோமீற்றர் உயரத்தில் ஓடிக்கொண்டே இருப்பவை. தட்டுக்கு வானம் அகலமாகத் திறந்திருக்க வேண்டும். ஒரு பனை வட்டு மறைத்தாலும் சில விநாடிக்கு ஒருமுறை அறுந்து அறுந்து வரும்.

கரண்டுக்கு வருவோம். நெடுந்தீவு, நயினாதீவு, அனலைதீவு மூன்றும் தேசிய மின்வலைக்கு வெளியே, டீசல் இயந்திரத்தை நம்பி இருந்த தீவுகள். காற்று, சூரிய ஒளி, மின்கலம், டீசல் நான்கும் சேர்ந்த மின்திட்டத்துக்கு இந்தியாவுடன் 2022 மார்ச்சில் உடன்பாடு ஏற்பட்டு, 2024 மார்ச்சில் வேலைக்கான ஒப்பந்தம் எழுதப்பட்டது. மின்சாரம் எங்கிருந்து வந்தாலும் அநேக ரவுட்டர்களுக்குத் தேவை சீரான 12 வோல்ட். கிணற்று மோட்டர் போட்டதும் லைட் மங்குகிற வீட்டில் ரவுட்டரும் தடுமாறும். ஒரு கணம் அணைந்தாலும் திரும்ப எழுந்து கோபுரத்தைப் பிடிக்க இரண்டு மூன்று நிமிடம் எடுக்கும். ஆட்கள் அதை நெற் போனதாக எண்ணுவார்கள். ரவுட்டருக்கென்றே சிறிய 12 வோல்ட் யூபிஎஸ் கிடைக்கிறது. பெரிய பொதிக்கு மாதாமாதம் கொடுக்கும் மேலதிகக் காசை அதற்குக் கொடுங்கள். வாங்கும்போது ரவுட்டர் அடப்டரின் முதுகில் எழுதியிருக்கும் வோல்ட்டையும் அம்பியரையும் குறித்துக்கொண்டு போக வேண்டும்.

உப்புக் காற்று இன்னொரு எதிரி, சத்தமில்லாமல் வேலை செய்வது. சோளகக் காற்று வீசும் மாதங்களுக்குப் பிறகு அடப்டர் முனை, லான் கேபிளின் பல், வெளியே பூட்டிய அன்டனாவின் திருகு எல்லாவற்றையும் கழற்றிப் பாருங்கள். பச்சையோ வெள்ளையோ பூத்திருந்தால் அதுவே இணைப்பை அரைகுறையாக்கிவிடும். கரண்டைக் கழற்றிவிட்டு, உலர்ந்த துணியால் துடைத்துப் பூட்ட வேண்டும். வெளி மூட்டுகளுக்கு நீர் புகாத ரேப் சுற்ற வேண்டும். ரீவியைப் பொறுத்தவரை ரிமோட்டால் அணைப்பது உண்மையில் அணைப்பதல்ல. வாரத்துக்கு ஒருமுறை சுவர்ச் சுவிட்சில் நிறுத்தி ஒரு நிமிடம் விட்டால் நினைவகம் வெறுமையாகும். செயலியே திறக்க மறுத்தால் ரீவியின் திகதி சரியா என்று பாருங்கள். திகதி பிழைத்தால் பாதுகாப்புச் சோதனையில் இணைப்பு நிராகரிக்கப்படும்.

அடுக்களை எவ்வளவு தூரம் என்பதும் முக்கியம். யூரியூப், நெற்பிளிக்ஸ் போன்ற பெரிய நிறுவனங்கள் அதிகம் பேர் பார்க்கும் படங்களை இணைய நிறுவனங்களின் இடங்களிலேயே பிரதி எடுத்து வைக்கின்றன. பந்திக்குக் கிட்டவே ஒரு கிளை அடுக்களை போட்டது போல. சின்னச் சனல் ஒன்றின் சொந்தச் செயலிக்கு அந்த வசதி இல்லாவிட்டால், ஒவ்வொரு துண்டும் ஐரோப்பாவிலோ கனடாவிலோ இருக்கும் சேவரிலிருந்து கடலடிக் கேபிளில் கொழும்புக்கு வந்து, வடக்கே ஏறி, தீவுக்கு வர வேண்டும். இராமேஸ்வரம் கண்ணெட்டும் தூரத்தில் இருக்கிறது, ஆனால் இந்தியாவோடு நேரே பேசும் கேபிள் தூத்துக்குடியிலிருந்து கல்கிசைக்குத்தான் போகிறது. அதனால் ஒரு செயலி ஓடி இன்னொன்று ஓடாததற்கு ரவுட்டரைக் குற்றம் சொல்ல வேண்டாம். அதே நிகழ்ச்சி யூரியூப்பிலும் வருகிறதா என்று தேடிப் பாருங்கள்.

திருவிழா நேரலையில் எல்லாம் திசை மாறிவிடுகிறது. அம்மன் தேர் இழுக்கும் நாளில் ரொறன்ரோவிலும் சூரிச்சிலும் இலண்டனிலும் ஆட்கள் ரீவிக்கு முன்னால் இருக்கிறார்கள். சோறு ஆகும் இடம் இப்போது தீவு. தேருக்கு முன்னால் நிற்கும் கமராக்காரரின் போனிலிருந்து படம் மேலே ஏற வேண்டும். 4ஜியில் ஏறும் பாதை இறங்கும் பாதையைவிட ஒடுக்கமானது. அன்றைக்குக் குறிகட்டுவானிலிருந்து படகு படகாக வந்திறங்கிய சனம் முழுவதும் போனை உயர்த்திப் பிடித்துக்கொண்டு அதே கோபுரத்தைத்தான் பாவிக்கிறது. நேரலையில் அண்டாவும் சின்னது, ஆக ஆகப் பரிமாற வேண்டியிருக்கிறதே. எங்கோ பனியில் இருந்து பார்க்கும் பிள்ளையின் திரையில் வட்டம் சுற்றும்போது அவர் வீட்டு இணைப்பில் ஒரு குறையும் இல்லை. அவர் கொஞ்சம் பின்னுக்கு இழுத்துவிட்டு, அரை நிமிடம் பிந்திப் பார்த்தால் அண்டா நிறைய நேரம் கிடைக்கும்.

கமராவைப் பிடித்திருப்பவர் செய்யக்கூடியது இதைவிட அதிகம். 1080ஐ மறந்துவிட்டு 720இல், விநாடிக்கு 2 மெகாபிட் அளவில் அனுப்புங்கள். இரண்டு நிறுவனங்களின் சிம்மைக் கையில் வைத்திருந்து, கொடியேற்றம் போன்ற சனம் குறைந்த நாளிலேயே வீதியின் எந்த மூலையில் எது நன்றாக ஏறுகிறது என்று பார்த்துக் குறித்துவையுங்கள். நேரலையோடு கூடவே கமராவிலும் பதிவு செய்யுங்கள், அறுந்தாலும் இரவுக்கு முழுப் படத்தை ஏற்றலாம். யூரியூப் நேரலை தொடங்கும் பக்கத்தில் தாமதம் எவ்வளவு என்று கேட்கும் ஒரு தெரிவு உண்டு. சாதாரணம், குறைவு, மிகக் குறைவு என்று மூன்று இருக்கும். பார்வையாளரோடு உடனுக்குடன் பேச வேண்டியவர்களுக்கு மட்டுமே மற்ற இரண்டும் தேவை. தேருக்குச் சாதாரணத்தையே அழுத்துங்கள். பார்க்கிறவர்களின் அண்டா பெரிதாகும், தேர் இருப்பிடத்துக்கு வந்து சேரும்வரை படம் நிற்காமல் போக அதிகம் உதவுவது அந்த ஒரு தெரிவுதான்.